மாவட்டப் பக்கத்தில் வந்த கொரோனா கண்டுபிடிப்புகள் எல்லாம் இப்போது எங்கே?

வாசகர் கேள்வி: 12 ஜூன் 2021

போன வருடம் மார்ச்சிலிருந்து நம் ஊர்ப் பத்திரிகைகளின் மாவட்டப் பக்கத்தில் வாரம் ஒரு கண்டுபிடிப்பு வந்தது. குறைந்த விலை வென்டிலேட்டர், கிருமிநாசினிச் சுரங்கம், மருந்து கொடுக்கும் ரோபோ, மருந்து தெளிக்கும் ட்ரோன். இரண்டாவது அலையில் ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றபோது இதில் ஒன்றையும் கண்ணில் காணோம். உள்ளூர் அறிவியல் செய்தி என்பதே வெறும் வேடிக்கை என்கிறேன். இல்லை என்பவர்கள் உருப்பட்ட செய்தி ஒன்றே ஒன்று காட்டுங்கள், பார்ப்போம்.

12 ஜூன் 2021, இரவு

என்னிடம் ஒரு செருப்புப் பெட்டி இருக்கிறது. 2020 மார்ச்சிலிருந்து கத்தரித்துப் போட்ட செய்திகள். இன்று உட்கார்ந்து எண்ணினேன், 47. பாலிடெக்னிக்கில் 29 வருடம் இன்ஸ்ட்ருமென்டேஷன் நடத்தியவன் நான். இந்த மாதிரிச் செய்தியைப் பார்த்தால் கை தானாகக் கத்தரிக்கோலைத் தேடும்.

47-ல் "அப்புறம் என்ன ஆயிற்று" என்று திரும்பி வந்த செய்திகளைத் தனியாகப் பிரித்தேன். இரண்டே இரண்டு. மீதி 45-ம் முதல் நாளோடு சரி. கலெக்டர் பார்வையிட்டார், எல்லோரும் போட்டோவுக்கு நின்றார்கள், முடிந்தது. ஆகவே உங்கள் கோபத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மறுபாதிக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும், பெட்டியை இன்னும் முழுக்கக் கிளறவில்லை.

13 ஜூன் 2021

முதலில் அந்தச் சுரங்கம்.

2020 ஏப்ரல் 1 அன்று திருப்பூர் சந்தையில் ஒன்றை வைத்தார்கள். இந்தியாவிலேயே முதல் என்று அப்போது எழுதினார்கள். கையைத் தூக்கிக்கொண்டு சில விநாடி நடந்து போனால் சோடியம் ஹைப்போகுளோரைட் கலந்த நீர் பனிபோல மேலே படும். ஒரே வாரத்தில் ஊருக்கு ஊர் முளைத்தது. பி.வி.சி. குழாய், தார்ப்பாய், பூச்சிமருந்து தெளிக்கும் நாசில், ஒரு மோட்டார் இருந்தால் போதும். எங்கள் பகுதிச் சந்தையிலும் வந்தது, நானும் போனேன். இரண்டு கையையும் தூக்கி, கண்ணை மூடி, சினிமாவில் போலீசிடம் சரணடைகிறவன் மாதிரி. வெளியே வந்து அரை மணி நேரம் கண் எரிந்தது. நீலச் சட்டையின் தோள் இரண்டும் வெளுத்துவிட்டன. அந்தச் சட்டை இன்று எங்கள் வீட்டில் கரித்துணி.

ஹைப்போகுளோரைட் கிருமியைக் கொல்லும், அதில் சந்தேகமில்லை. ஆனால் தரையில், மேசையில், அதுவும் சில நிமிடம் ஈரமாக நின்றால்தான் கொல்லும். வேர்வையும் அழுக்கும் பட்டால் குளோரின் அவற்றோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும். எல்லாவற்றுக்கும் மேல், தொற்று இருப்பவனுக்குக் கிருமி இருப்பது மூக்கிலும் தொண்டையிலும். சட்டையை வெளுத்து என்ன பயன்?

தமிழ்நாடு பொதுச் சுகாதாரத் துறையே அந்த மாதத்தில் இது வேண்டாம் என்றது. ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகம், மனிதர்கள் மீது தெளிக்கக் கூடாது என்று அறிவுரை வெளியிட்டது. நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம், இதைத் தடுக்க ஒரு மாதத்துக்குள் உத்தரவு போடுங்கள் என்று அரசிடம் சொன்னது. என் இரண்டு 'அப்புறம்' செய்திகளில் இது ஒன்று. திறந்த செய்தி நான்கு பத்தி, படத்தோடு. வேண்டாம் என்ற செய்தி எட்டு வரி.

13 ஜூன் 2021, மதியம்

"அப்போது யாருக்கும் எதுவும் தெரியாதே, பாவம், நல்ல எண்ணத்தில் செய்தார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வைரஸைப் பற்றித் தெரியாது, சரி. பிளீச்சிங் பவுடர் போட்டு பாத்ரூம் கழுவிய எவருக்கும் குளோரின் கண்ணை என்ன செய்யும் என்று தெரியும். எனக்கும் தெரியும். இருந்தும் போனேன். வரிசையில் நின்றுவிட்டால் திரும்பி வரக் கூச்சம்.

14 ஜூன் 2021

இதை எழுதாமல் விட்டால் தூக்கம் வராது. அந்த 45-ல் ஒன்றில் என் போட்டோவே இருக்கிறது.

2020 ஏப்ரல். எனக்கு ஓய்வு பெற ஒரு மாதம்தான் பாக்கி. எங்கள் தெருவிலேயே மாணவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் வீட்டு மொட்டை மாடியில் ஒரு வென்டிலேட்டர் செய்தோம். ஆம்புலன்ஸில் கையால் அமுக்குவார்களே, அந்த ஆம்பு பை. அதைக் கைக்குப் பதிலாக ஒரு மோட்டார் அமுக்கும், அவ்வளவுதான். மோட்டார் பழைய காரின் வைப்பர் மோட்டார். வேகமும் குறைவு, இழுவையும் உண்டு என்பதால் உலகம் முழுக்க இந்த வேலைக்கு அதைத்தான் தேடினார்கள் என்று பிறகு தெரிந்தது. நிமிடத்துக்கு 12-லிருந்து 20 தடவை அமுக்கும்படி குமிழ் வைத்தோம். நிருபர் வந்தார். "வெறும் 6,000 ரூபாயில் உயிர் காக்கும் கருவி" என்று வந்தது.

மறுநாள் என் பழைய மாணவியின் கணவர் பேசினார். மயக்க மருந்து நிபுணர். வாழ்த்துச் சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டார்: "சார், பீப் எவ்வளவு வைக்கலாம் இதில்?"

நான் ஏதோ மணி அடிப்பதைக் கேட்கிறார் என்று நினைத்து, "பஸ்ஸர் இன்னும் வைக்கலை சார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. பிறகு விளக்கினார். மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலுக்குள் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சிற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொரு மூச்சிலும் பிய்த்துத் திறந்து, மறுபடி ஒட்டி, அதிலேயே புண்ணாகும். அந்த மிச்ச அழுத்தத்துக்குத்தான் பீப் என்று பெயர். கொரோனா நோயாளிக்கு நுரையீரல் விறைத்துப் போயிருக்கும், காற்றை அளந்துதான் உள்ளே விட வேண்டும். உயரத்துக்கு ஏற்ற எடை என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதில் கிலோவுக்கு 6 மில்லி. 60 கிலோ கணக்கு வந்தால் 360 மில்லி. எங்கள் கருவி எத்தனை மில்லி தள்ளியது? பலூனை ஊதவைத்து, அதைத் தண்ணீரில் முக்கி அளந்தோம். ஒரு தடவை 410, ஒரு தடவை 530. குழாய் கழன்றால் சொல்ல அலாரம் கிடையாது, பக்கத்தில் நிற்கும் பையன் கத்தினால் உண்டு.

நோயாளியை ஆம்புலன்ஸில் கொண்டுபோகும்போது, பத்து நிமிடம் கை ஓய்வெடுக்க உதவியிருக்கலாம். அப்படி எழுதியிருந்தால் செய்தி உண்மையாக இருந்திருக்கும். யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

15 ஜூன் 2021

அந்த மாணவனே இதைப் படித்துவிட்டு போன் செய்தான். திருத்தங்கள்: மோட்டார் இரவல், ஆம்பு பை அவன் சித்தி வேலை பார்த்த நர்சிங் ஹோமில் இரவல், மரச்சட்டம் அவன் அப்பா கடையில் சும்மா வந்தது. ஆன மொத்தச் செலவு 1,100 ரூபாய். 6,000 என்று நிருபருக்குச் சொன்னது யார்? நான்தான். "ரொம்பக் குறைச்சுச் சொன்னா நம்ப மாட்டாங்கடா" என்றேனாம். எனக்கு நினைவில்லை. அவன் பொய் சொல்கிற பையன் இல்லை.

15 ஜூன் 2021, மாலை

காலால் மிதிக்கும் சானிடைசர் ஸ்டாண்ட் பற்றி எல்லோரும் மறந்துவிட்டீர்கள். அது வேலை செய்தது. ஒவ்வொரு வெல்டிங் பட்டறையும் அதைச் செய்தது. யார் முதலில் செய்தார் என்று கேட்டால் பத்து மாவட்டம் கை தூக்கும். இரண்டு மாதத்தில் ஸ்பிரிங் போகும், பாட்டில் காலியாக நிற்கும். அது கண்டுபிடித்தவர் குற்றமில்லை.

17 ஜூன் 2021

இரண்டாவது 'அப்புறம்' செய்தி எது என்று கேட்டிருந்தீர்கள். கொரோனா ரேபிட் டெஸ்ட் கிட்.

2020 ஏப்ரலில் சீனாவிலிருந்து தமிழ்நாட்டுக்கு 24,000 கிட் வந்தன. அரை மணி நேரத்தில் முடிவு என்று கொண்டாட்டம். 21-ம் தேதி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர்., முடிவுகள் தாறுமாறாக இருக்கின்றன, இரண்டு நாள் பயன்படுத்த வேண்டாம் என்றது. 27-ம் தேதி திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டது. இடையில் டெல்லி உயர் நீதிமன்ற வழக்கில், 245 ரூபாய்க்கு இறக்குமதியானது 600 ரூபாய்க்கு விற்கப்பட்ட கதையும் வெளியே வந்தது.

இதில் அறிவியல் பக்கம் யாரும் சரியாக எழுதவில்லை என்பது என் குறை. கிட் மோசம் என்பது ஒன்று. நல்ல கிட்டாக இருந்திருந்தாலும் அது தேடுவது எதிர்ப்பணுக்களை. அவை உடம்பில் உருவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். நேற்றுக் காய்ச்சல் வந்தவனுக்கு அந்தச் சோதனையில் ஒன்றும் தெரியாது. மூக்கில் குச்சி விட்டு எடுக்கும் ஆர்டி-பிசிஆர் தேடுவது வைரஸின் மரபணுவையே. கேள்வியே வேறு. "இப்போது இருக்கிறதா" என்று ஒன்று கேட்கிறது, "வந்து போனதா" என்று மற்றது கேட்கிறது.

தமிழ்நாடு அதன் பிறகு ஆர்டி-பிசிஆரையே விடாமல் பிடித்துக்கொண்டது. பல மாநிலங்கள் வைரஸின் புரதத்தைத் தேடும் விரைவுச் சோதனையான ஆன்டிஜென் சோதனையைக் கலந்து எண்ணிக்கையை ஏற்றிக் காட்டியபோதும் இங்கே மாற்றவில்லை. அதற்காக மாவட்டத்துக்கு மாவட்டம் ஆய்வகம் திறந்தார்கள். அந்த ஆய்வகத் திறப்பு விழாச் செய்திகளை நான் கத்தரிக்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. இயந்திரத்தின் போட்டோ சாதாரணப் பெட்டி மாதிரி இருக்கும், அதனாலோ என்னவோ.

20 ஜூன் 2021

ஆக்சிமீட்டர், விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதம் பார்க்கும் கருவி. ஏப்ரல் கடைசியில் 2,400 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கினேன். போன வருடம் ஆயிரத்துக்குள் கிடைத்த சாமான். வீட்டில் எல்லோர் விரலிலும் மாட்டினேன். அப்புறம் விஷமத்துக்கு ஒரு பென்சிலை மாட்டினேன். 97, துடிப்பு 72. என் பென்சில் என்னைவிட ஆரோக்கியம்.

கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "பென்சிலுக்குக் காய்ச்சல் இருக்கா சார்" என்று கேட்டார், மாற்றித் தரவில்லை.

21 ஜூன் 2021

பென்சில் சோதனை நியாயமில்லை என்று ஒருவர் நீளமாகத் திருத்தியிருக்கிறார். பெரும்பாலும் அவர் சொல்வது சரி. விரலின் ஒரு பக்கம் இரண்டு ஒளி, மறுபக்கம் ஒரு உணரி. சிவப்பு, சுமார் 660 நானோமீட்டர். அகச்சிவப்பு, சுமார் 940. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் இந்த இரண்டையும் வேறு வேறு விகிதத்தில் உறிஞ்சும். நாடித் துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்கும் பகுதியை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டால் நடுவில் இருக்கும் தோல், எலும்பு, நகம் எல்லாம் கழிந்துவிடும். ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி 1970-களின் தொடக்கத்தில் யோசித்த வழி இது. அவர் 2020 ஏப்ரல் 18 அன்று காலமானார். அவர் கருவியை உலகமே விரலில் மாட்டிக்கொண்டிருந்த நேரம்.

பென்சிலைப் பிடித்திருக்கும் என் கை ஆடினால் அந்த ஆட்டமே துடிப்பாகத் தெரியும். நல்ல கருவி அதைச் சந்தேகப்படும், மலிவுக் கருவி ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிவிடும். ஆக, அது பென்சிலில் எண் காட்டுவதை மட்டும் வைத்து விரலிலும் பொய் சொல்லும் என்று முடிவு கட்ட முடியாது. ஒப்புக்கொள்கிறேன். 2,400-ஐ மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் இன்னொன்று. அமெரிக்காவில் 2020 டிசம்பரில் ஓர் ஆய்வு வெளியானது. கருவி 92-லிருந்து 96 வரை காட்டிய நேரத்தில் ரத்தத்தையே எடுத்துச் சோதித்தால் 88-க்குக் கீழே இருந்த அளவுகள், கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம், வெள்ளை நோயாளிகளிடம் 3.6 சதவீதம். தோலின் நிறம் கணக்கில் முழுக்கக் கழியவில்லை. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த பிப்ரவரியில் எச்சரிக்கையும் விட்டது. சரி, நம் ஊரில் நூறு விதக் கறுப்பும் மாநிறமும் இருக்கிறது. 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்கு வா என்று ஊருக்கெல்லாம் சொன்னோம். நம் தோலில் அந்த 94 உண்மையில் எத்தனை? ரோபோ செய்த எந்தக் கல்லூரியும் பக்கத்து மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து இதை அளந்து பார்த்திருக்கலாம். என் பெட்டியில் அப்படி ஒரு செய்தி இல்லை. வாசகருக்கு நான் காட்ட நினைத்த 'ஒன்றே ஒன்று' இதுவாக இருந்திருக்க வேண்டும்.

27 ஜூன் 2021

ஒரு வாரம் எழுத முடியவில்லை, அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா வீட்டுக்காரருக்கு மே மாதம் கொரோனா வந்து, ஆக்சிஜன் அளவு 91-ல் நின்றது. படுக்கை கிடைக்கவில்லை. ஒரு தொண்டு அமைப்பு நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் ஒன்றை இரவல் தந்தது. அந்தப் பத்து நாளில் நான் கற்றதைத்தான் எழுத வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

அந்தப் பெட்டிக்குள் ஆக்சிஜன் இருக்காது. அறைக் காற்றை அமுக்கி ஜியோலைட் மணிகள் வழியாக அனுப்பும், மணிகள் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும், மிச்சம் சுமார் 93 சதவீத ஆக்சிஜன். இரண்டு குழல்கள் மாறி மாறி வேலை செய்யும், மாறும்போதெல்லாம் 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு. அக்கா அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் தூங்கினாள். நின்றால் விழித்துக்கொள்வாள்.

மூன்றாம் நாள் இரவு மஞ்சள் விளக்கு எரிந்தது. தூய்மை குறைகிறது என்று அர்த்தம். நான் மின்னழுத்தம், மோட்டார், வால்வு என்று பெரிய பெரிய காரணமாகத் தேடினேன். கடைசியில் பார்த்தால் பின்பக்கத்து ஸ்பாஞ்ச் வடிகட்டி முழுக்க ஊதுபத்தி, சாம்பிராணிக் கரி. அக்கா வைரஸுக்கு என்று வீடு முழுக்கப் புகை போட்டிருக்கிறாள். கழுவி உலர்த்தி மாட்டியதும் பச்சை.

பக்கத்து வீட்டில் இன்னொரு நோயாளி. ஒய் குழாய் போட்டு இரண்டு பேருக்கும் பிரிக்கலாமா என்று கேட்டார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்வது எளிதாக இல்லை. பிரித்தால் யாருக்கு எவ்வளவு போகிறது என்று தெரியாது, ஆளுக்குப் பாதிதான். குமிழை 5-க்கு மேல் திருப்பினால் காற்று கூடும், ஆக்சிஜன் சதவீதம் இறங்கும். மறுநாள் காலை அவர்களுக்கு ஒரு சிலிண்டர் கிடைத்தது.

சிலிண்டர் கணக்கு: ஆஸ்பத்திரியின் பெரிய சிலிண்டரில் 7 கன மீட்டர், அதாவது 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் கிட்டத்தட்ட ஒரு நாள். மூக்கு வழியாக வேகமாகச் செலுத்தும் கருவியில் நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை போகும். அப்போது இரண்டரை மணி நேரம். இதனால்தான் சிலிண்டரை நம்பிய ஆஸ்பத்திரிகள் திணறின, திரவ ஆக்சிஜன் தொட்டி இருந்தவை ஓரளவு தாக்குப்பிடித்தன. மைனஸ் 183 டிகிரியில் இருக்கும் அந்தத் திரவத்தின் ஒரு லிட்டர், வாயுவாக விரிந்தால் 860 லிட்டருக்கு மேல். தொட்டி வைத்த செய்தி போன வருடமே என் பத்திரிகையில் வந்திருக்கிறது. கட்டட ஒப்பந்தச் செய்தி என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன்.

28 ஜூன் 2021

இரண்டரை மணி நேரம் தப்பு. 7,000-ஐ 60-ஆல் வகுத்தால் 116 நிமிடம் சொச்சம், இரண்டு மணிக்கும் குறைவு. மூன்று பேர் திருத்தினார்கள், மூன்றாமவர் என்னிடம் படித்தவர். "சார், யூனிட் போடலைன்னா அரை மார்க் குறைப்பீங்களே" என்கிறார். குறைத்துக்கொள்ளவும்.

2 ஜூலை 2021

தடுப்பூசிக்குப் பதியும் கோவின் தளம் பற்றிக் கேட்டவருக்கு: ஜூன் தொடக்கத்தில் பல மொழிகளைச் சேர்த்துவிட்டுத் தமிழை விட்டிருந்தார்கள், சத்தம் கிளம்பியதும் ஓரிரு நாளில் சேர்ந்துவிட்டது. எனக்கு அதைவிடப் பெரிய பிரச்சினை ஓ.டி.பி. எங்கள் தெருவில் பாதிப் பேரின் ஓ.டி.பி. என் போனுக்குத்தான் வந்தது. ஒரு நம்பருக்கு நான்கு பேர் என்ற வரம்பு குறுக்கே நிற்கும் வரை எனக்கே தெரியாது நான் இத்தனை பிரபலம் என்று.

3 ஆகஸ்ட் 2021

வாசகரே, இருக்கிறீர்களா? கிடைத்துவிட்டது. கத்தரித்துப் பெட்டியின் மேலே வைத்திருக்கிறேன், 48-வது.

மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை ஜூன், ஜூலையில் நடத்திய எதிர்ப்பணு ஆய்வு. 26,610 பேரின் ரத்தம், அதில் 17,624 பேருக்கு எதிர்ப்பணு இருந்தது. 66.2 சதவீதம். போன அக்டோபர், நவம்பரில் இதே மாதிரி எடுத்தபோது 31 சொச்சம். ஆனால் மாநிலச் சராசரியை விடுங்கள், மாவட்ட வரிசையைப் பாருங்கள். விருதுநகர் 84. ஈரோடு 37. ஒரே மாநிலம், ஒரே அலை.

இப்போது ஜூன் மாதத் தினசரித் தொற்றுப் பட்டியலை நினைத்துப் பாருங்கள். சென்னை இறங்கிய பிறகும் கோவையும் ஈரோடும் மேலேயே நின்றன. "கொங்குப் பக்கம் ஏன் இறங்கவே மாட்டேன் என்கிறது" என்று எல்லோரும் டீக்கடையில் காரணம் சொன்னார்கள்: பனியன் கம்பெனி, வெளிமாநிலத் தொழிலாளர், குளிர்காற்று. இந்த எண் வேறொன்றைக் காட்டுகிறது. அங்கே இன்னும் வைரஸைச் சந்திக்காத ஆட்கள் அதிகம். தடுப்பூசி முதலில் எங்கே போக வேண்டும் என்று இதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கருவி கிடையாது, போட்டோ கிடையாது, "மாணவர் சாதனை" கிடையாது. சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய் ஊசி குத்தியிருக்கிறார்கள். நான் வாங்கும் பத்திரிகையில் 7-ம் பக்கம், நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே.

4 ஆகஸ்ட் 2021

வாசகர் பதில் போட்டுவிட்டார்: "இது செய்தியா, அரசு அறிக்கையா?" நல்ல கேள்வி. அறிக்கையை மாவட்ட எண்ணோடு போட்டு, ஈரோட்டுக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு வரி சேர்த்திருந்தால் செய்தி. சேர்க்கவில்லை. ஒரு மதிப்பெண் உங்களுக்கு.

என் தரப்பிலும் ஒரு சந்தேகம் சேர்ந்திருக்கிறது. 66-ல் தடுப்பூசியால் வந்த எதிர்ப்பணுவும் கலந்திருக்கும். ஆக, "தொற்று வந்து போனவர்கள் 66 சதவீதம்" என்று நேற்று இரவு என் மகனிடம் சொன்னது தவறு. அவன் அதை அலுவலகத்தில் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டான்.

16 செப்டம்பர் 2021

சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் மரபணு வரிசை படிக்கும் ஆய்வகம் 14-ம் தேதி திறந்தாயிற்று. சுமார் 4 கோடி ரூபாய். இதுவரை மாதிரிகள் பெங்களூருக்குப் போய், வரிசையில் காத்திருந்து, முடிவு வருவதற்குள் அந்த நோயாளி வேலைக்கே திரும்பியிருப்பார். இரண்டாவது அலையின் டெல்டா வகை வைரஸ் நம் ஊரில் எப்போது பெருகத் தொடங்கியது என்று நமக்குத் தெரிந்தது அது பெருகிய பிறகு. பெட்டிக்குள் போட்டாயிற்று.

19 டிசம்பர் 2021

15-ம் தேதி நைஜீரியாவிலிருந்து வந்தவருக்கு ஒமைக்ரான் என்ற புது வகை வைரஸ் உறுதி. அதற்கு முன்பே "எஸ் ஜீன் டிராப்" என்று தினமும் பேட்டி. எதிர்வீட்டுப் பெரியவர் கேட்டார், "ஜீன் எங்கே விழுந்துச்சு தம்பி, வயித்துலயா?"

அவருக்குச் சொன்னதையே எழுதுகிறேன். பிசிஆர் கிட் வைரஸை மூன்று அடையாளத்தால் தேடுகிறது என்று வையுங்கள். மூக்கு, காது, மச்சம். அந்த மச்சம்தான் எஸ் ஜீன். ஒமைக்ரானில் மச்சம் இருக்கும் இடத்தில் சின்னத் துண்டு காணோம், 69, 70-ம் இடங்கள். அதனால் மூக்கும் காதும் தெரியும், மச்சம் தெரியாது. டெல்டாவுக்கு மூன்றும் தெரியும். ஆகவே மச்சம் காணாத மாதிரியை எடுத்து முழு வரிசை படிக்க அனுப்புகிறார்கள். சாதாரண பிசிஆரை வைத்தே முதல் சல்லடை போட முடிகிறது. ஆர்டி-பிசிஆரையே பிடித்துத் தொங்கியதன் பலன் இப்போது வருகிறது. ஜூன் 17 குறிப்பைத் திரும்பப் பாருங்கள், கொஞ்சம் பெருமையாக இருக்கிறது, நான் ஒன்றும் செய்யவில்லை என்றாலும்.

23 ஜனவரி 2022

ஞாயிறு ஊரடங்கு. எனக்கு வந்துவிட்டது, மூன்று நாள் காய்ச்சல், தொண்டை மட்டும் கரகரப்பு. ஆக்சிமீட்டர் 97. பென்சிலும் 97. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறோம்.

13 மார்ச் 2022

டிசம்பர் 19 குறிப்பில் திருத்தம்: பி.ஏ.2 என்ற ஒமைக்ரான் தங்கைக்கு மச்சம் இருக்கிறது. அதாவது அந்த 69, 70 துண்டு போகவில்லை. அதை அந்தச் சல்லடையில் பிடிக்க முடியாது, வரிசை படித்துத்தான் ஆக வேண்டும். எதிர்வீட்டுப் பெரியவரிடமும் போய்ச் சொன்னேன். "நீ மொதல்லயே சரியா விசாரிச்சுச் சொல்லியிருக்கணும்" என்றார்.

20 மார்ச் 2022

சந்தைப் பக்கம் போயிருந்தேன். அந்தச் சுரங்கத்தின் குழாய்ச் சட்டம் பின்னால் காலி மனையில் நிற்கிறது, யாரோ பீர்க்கங்கொடி ஏற்றியிருக்கிறார்கள். நாசில் இருந்த ஓட்டைகளில் கயிறு கட்டி வசதியாக வைத்திருக்கிறார்கள். நல்ல காய்ப்பு.

27 மார்ச் 2022

வைப்பர் மோட்டார் பையன் வந்திருந்தான். இப்போது ஓர் ஆஸ்பத்திரியின் ஆக்சிஜன் ஆலையில் பராமரிப்பு வேலை. போன வருடம் பல மாவட்டங்களில் வைத்தார்களே, காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் ஆலை, அக்கா வீட்டுப் பெட்டியின் பெரியண்ணன். திறப்பு விழாச் செய்தி என் பெட்டியில் இருக்கிறது, ரிப்பன், கத்தரிக்கோல் எல்லாம்.

"ஓடுகிறதா?" என்றேன்.

தினமும் ஒரு மணி நேரம் ஓட்டுகிறானாம், தேவை இல்லாவிட்டாலும். ஓட்டாமல் கிடந்தால் ஈரம் ஏறும், ஈரம் பட்டால் ஜியோலைட் பாழ். காற்றை உலர்த்தும் டிரையரின் வடிகால் வால்வு ஒன்று சிக்கிக்கொண்டே இருக்கிறது, தண்ணீர் தேங்குகிறது. உதிரிபாகம் கேட்டு மூன்று கடிதம் போட்டாயிற்று. அதுவரை காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை கையாலேயே திறந்து விடுகிறான்.

"லீவு போட்டா யாருடா திறப்பா?"

"வாட்ச்மேன் அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன் சார். சுவத்துல சாக்பீஸால டைம் எழுதி வெச்சிருக்கோம்."

அந்தச் சுவரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் பிரிண்ட் போட்டுப் பெட்டிக்குள் போட வேண்டும்.